மேட்பிளாட்லிபில் நிழல், ஒளிர்வு, வெள்ளை விளிம்பு: திரையில் இருப்பது கோப்பில் ஏன் இல்லை?

உங்கள் கேள்வியில் மூன்று புகார்கள் இருக்கின்றன. மழையளவுக் கோடுகளுக்குப் பின்னால் வைத்த மங்கலான நிழல், நிரல் எழுதும் நோட்புக் திரையில் அழகாகத் தெரிகிறது, பிடிஎஃப் ஆகச் சேமித்தால் நிழல் மங்கலாக இல்லாமல் கறுப்புக் கோடாக நிற்கிறது. ஊர்ப் பெயர்களுக்கு வெள்ளை விளிம்பு வைத்ததும், அதுவரை எஸ்விஜி கோப்பில் (உலாவியில் திறக்கும் கோட்டுப் பட வடிவம்) ஃபான்ட்டைப் அமைப்பை ‘நன்’ ஆக்கியதால் சரியாக இருந்த தமிழ் எழுத்து உடைகிறது. நிலையங்களைக் குறிக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கும் அதே விளிம்பை வைத்ததும் சேமிக்கவே நெடுநேரம் ஆகிறது. ‘எஃபெக்ட்களை முறையாகக் கற்க எங்கே தொடங்குவது?’ என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, எந்த எஃபெக்டை யார் வரைகிறார்கள் என்பது என்று எனக்குப் படுகிறது. அது தெரிந்துவிட்டால் மூன்றுக்கும் விடை வந்துவிடும். அச்சுக்குப் போகும் வரைபடங்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாக, பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிபில்தான் செய்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று தொடங்கி, 2003-இல் வெளியிட்ட நூலகம் இது. அவர் 2012-இல் காலமானார். அதன் அடிப்படைக் கட்டமைப்பு மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. கோடு, பட்டை, எழுத்து எல்லாம் ஒரு அடுக்கு. அவற்றைக் கடைசியில் வரைந்து தள்ளும் பேக்எண்ட் இன்னொரு அடுக்கு. கோட்டுக்குத் தன்னை யார் வரையப்போகிறார் என்று தெரியாது. நோட்புக்கில் நீங்கள் பார்ப்பது ஆக் என்ற பேக்எண்ட் பிக்சல் பிக்சலாக நிரப்பிய படம். பிடிஎஃப் பேக்எண்ட் பிக்சலை நிரப்புவதில்லை. ‘இங்கிருந்து இங்கே, இந்த அகலத்தில், இந்த நிறத்தில் கோடு போடு’ என்று உத்தரவு எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கோடாகச் சொல்லக்கூடிய எஃபெக்ட் இரண்டிலும் பிழைக்கும். பிக்சலைத் தொட்டுக் கலைக்க வேண்டிய எஃபெக்ட் ஆக்கில் மட்டும்தான் நடக்கும்.

முதல் வகையிலிருந்து தொடங்குகிறேன், நாள்தோறும் கை போவது அதற்குத்தான். பாத் எஃபெக்ட்ஸ் என்ற தொகுப்பு செய்வது ஒரே காரியம்: அதே பாதையைத் திரும்பத் திரும்ப வரைவது. சுவரில் விளம்பரம் எழுதுகிறவர் முதலில் எழுத்தை நிரப்பிவிட்டு, கடைசியில் மெல்லிய தூரிகையால் விளிம்பு கட்டுவார். இங்கே அதைத் தலைகீழாக்குங்கள். தடித்த வெள்ளைக் கோட்டை முதலில் போட்டு, அதன்மேல் அசலை வைக்க வேண்டும். பட்டியலில் முதலில் இருப்பது அடியில், கடைசியில் இருப்பது மேலே. விளிம்பு போடும் ஸ்ட்ரோக்கைக் கொடுத்துவிட்டு, அசலை வரையும் நார்மலை மறந்தால் விளிம்பு மட்டும் வரும், எழுத்தைக் காணோம். இந்தப் பிழையை நான் எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வித்-ஸ்ட்ரோக் இரண்டையும் சேர்த்தே செய்யும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே நல்லது.

அகலக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். அலகு பாயின்ட், அதாவது ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. உங்கள் கோடு வழக்கமான 1.5 பாயின்ட், ஸ்ட்ரோக் 3.5 என்றால் வெளியே தெரிவது பக்கத்துக்கு 1 பாயின்ட்தான், மிச்சம் அசல் கோட்டுக்கு அடியில் மறைந்துவிடும். எழுத்துக்கு 3 கொடுத்தால் பக்கத்துக்கு 1.5. 100 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல்) 1 பாயின்ட் ஏறக்குறைய 1.4 பிக்சல், 300-இல் 4.2 பிக்சல். தாளில் அகலம் மாறாது. ஆனால் திரையில் பார்த்து ‘போதாது’ என்று கூட்டிக்கொண்டே போனால் அச்சில் எழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை கட்டியதுபோல் வரும். 8 முதல் 10 பாயின்ட் எழுத்துக்கு நான் 2-ஐத் தாண்டுவதில்லை. இது என் கண், விதி இல்லை.

இப்போது நிழல். சிம்பிள்-லைன்-ஷேடோ என்ற பெயரில் உள்ள ‘சிம்பிள்’ உண்மையான சொல். அது கோட்டின் நகலை 2 பாயின்ட் வலப்பக்கமும் 2 பாயின்ட் கீழேயும் தள்ளி, 0.3 ஆல்ஃபாவில் (நிறத்தின் அடர்த்தி அளவு, 1 என்றால் முழு நிறம்) கறுப்பாக வரைகிறது. மங்கலாக்குவதே இல்லை. இணையப் பக்கங்களில் பெட்டிகளுக்குப் பின்னால் மெத்தென்று விழும் நிழலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வெறும் கோடு என்பதால் பிடிஎஃப்பில் அப்படியே வந்துசேரும். பட்டைகளுக்கு இதே மாதிரி சிம்பிள்-பேட்ச்-ஷேடோ உண்டு. பட்டை வரைபடத்தில் அதை வைக்காதீர்கள் என்பேன். பட்டையின் நீளமும் விளிம்பும்தான் அங்கே அளவு. பக்கத்தில் இன்னொரு சாம்பல் பட்டை ஒட்டிக்கொண்டால் கண் எதை அளப்பது? கீழே விழும் பங்கு வரைபடப் பரப்பின் எல்லையில் வெட்டுப்பட்டுப் போவதால் நிழல் பாதிதான் தெரியும், அது வேறு.

உங்கள் நிழல் மங்கலாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் எடுத்தாண்டது செட்-ஆக்-ஃபில்டர் என்ற வழியாகத்தான் இருக்கும். ஆக் பேக்எண்ட் ஒரு கோட்டைத் தனிப் படமாக வரைந்து, அந்தப் பிக்சல் அணியையும் டிபிஐயையும் உங்கள் செயற்கூறிடம் கொடுக்கும். நீங்கள் அதைக் கலைத்துத் திருப்பிக் கொடுத்தால், எங்கே ஒட்டுவது என்ற இடப்பெயர்ச்சியோடு வாங்கி ஒட்டிவிடும். பெயரிலேயே ஆக் இருக்கிறது. பிடிஎஃப் பேக்எண்டுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. பிழையும் காட்டாமல், எச்சரிக்கையும் விடாமல் அதைத் தாண்டிப் போய்விடும். நிழலுக்கென்று போட்ட நகல் கோடு கலையாமல் அப்படியே கறுப்பாக நின்றுவிடும். நீங்கள் விவரித்தது இதனோடு பொருந்துகிறது. நிரலைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், சோதிப்பது எளிது. அதே படத்தைப் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். அதில் மங்கல் இருந்து பிடிஎஃப்பில் இல்லை என்றால் இதுதான் காரணம்.

தீர்வு ஒரு சொல்லில் இருக்கிறது. அந்த நகல் கோட்டுக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு என்பதை உண்மை ஆக்குங்கள். அப்போது பிடிஎஃப் பேக்எண்ட் அந்த ஒரு துண்டை ஆக்கிடம் கொடுத்துப் படமாக வாங்கி உள்ளே பதிக்கும், மற்ற கோடுகள் வெக்டராகவே, அதாவது கோட்டு உத்தரவுகளாகவே இருக்கும். அசல் கோட்டுக்கு வடிப்பானையும் வைக்காதீர்கள், இதையும் வைக்காதீர்கள், கோடே மங்கிவிடும். அப்புறம், சேமிக்கும்போது டிபிஐயை 300 என்று கொடுங்கள். ‘பிடிஎஃப்புக்கு எதற்கு டிபிஐ?’ என்று பலர் விட்டுவிடுவார்கள். படமாக மாற்றிப் பதிக்கும் துண்டுகளுக்கு அதுதான் கணக்கு. சொல்லாவிட்டால் படத்தின் வழக்கமான 100-ஐ எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் ஏழையின் ஒளிர்வு ஒன்று உண்டு. அதே கோட்டைப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு பாயின்ட் தடிமன் கூட்டி, 0.03 ஆல்ஃபாவில் வரையுங்கள். நடுவில் பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒவ்வொன்றும் மிச்சத்தில் 3 விழுக்காட்டை மறைப்பதால் மொத்தம் 26 விழுக்காடு நிறம் சேரும். வெளியே போகப்போகக் குறையும், கண்ணுக்கு மங்கல்போலவே தெரியும். எல்லாம் கோடு என்பதால் பிடிஎஃப், எஸ்விஜி இரண்டிலும் நிற்கும். நிறத்தை வெளிப்படையாகக் கொடுங்கள், இல்லையென்றால் நிற வரிசை ஒவ்வொரு அழைப்புக்கும் நகர்ந்து பத்துக் கோடும் பத்து நிறத்தில் வரும். லேபிளை அசல் கோட்டுக்கு மட்டும் வையுங்கள், லெஜண்டில் ஒரே பெயர் பதினொரு முறை வராமல் இருக்க.

ஆல்ஃபா என்றதும் ஒரு பழைய அவமானம் நினைவுக்கு வருகிறது. ஓர் ஆய்விதழ், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் இபிஎஸ் கோப்புதான் வேண்டும் என்றது. இதே ஒளிர்வு முறையில் வரைந்த படத்தை இபிஎஸ் ஆகச் சேமித்து அனுப்பிவிட்டேன். போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒளிபுகும் நிறம் என்ற ஒன்றே இல்லை. மேட்பிளாட்லிப் அதை எச்சரிக்கையாகச் சொல்லவும் செய்தது, நான்தான் படிக்கவில்லை. பத்துக் கோடும் முழு நிறத்தில் விழுந்து, வெப்பநிலைக் கோடு கார் டயர் தடம்போல் வந்து நின்றது. இபிஎஸ் கேட்டால் ஆல்ஃபாவை மறந்துவிட்டு, பின்னணி நிறத்தோடு கலந்தால் என்ன நிறம் வருமோ அதை நேரடியாகக் கொடுங்கள்.

சரி, தமிழ் எழுத்து. இங்கேதான் உங்கள் கேள்வி உண்மையிலேயே சுவையானது, நானும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட இடம். யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் ச, அடுத்து கொம்பு என்ற வரிசையில் இருக்கும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்துக் கோக்கும் மென்பொருளின் வேலை. நான் பயன்படுத்தும் 3.8-இல் மேட்பிளாட்லிப் அந்த வேலையைச் செய்வதில்லை, வந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடுக்கிவிடும். ‘சென்னை’ என்று எழுதினால் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். எஸ்விஜியில் ஃபான்ட்டைப் என்ற அமைப்பை ‘நன்’ ஆக்கியதும் உங்களுக்குச் சரியானது ஏன்? அந்த அமைப்பில் நூலகம் எழுத்தை வரைவதே இல்லை. உரையை உரையாகவே எழுதி வைத்துவிடுகிறது, உலாவி திறக்கும்போது அதுவே கொம்பை இடம் பார்த்து வைக்கிறது.

வெள்ளை விளிம்பு வைத்ததும் என்ன ஆனது? பாத் எஃபெக்ட்ஸுக்குப் பாதை வேண்டும். எழுத்தாக இருப்பதைச் சுற்றி அதற்குக் கோடு போடத் தெரியாது. ஆகவே எழுத்தை முதலில் நூலகமே தன் கையால் வடிவக் கோடுகளாக மாற்றிக்கொள்கிறது. மாற்றும்போது தன் பழைய வரிசையில்தான் அடுக்குகிறது. உலாவிக்குப் போவது உரை இல்லை, ஏற்கெனவே உடைந்த வடிவம். ‘நன்’ என்ற அமைப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் அந்த எழுத்தை அது தொடவில்லை. பிஜிஎஃப் பேக்எண்ட் வழியாக எழுத்தை ஸீலேடெக் என்ற எழுத்துக் கோக்கும் மென்பொருளிடம் ஒப்படைத்து, பிடிஎஃப்பில் தமிழைச் சரியாக வரவழைக்கிறவர்களுக்கும் இதே கதிதான். விளிம்பு வைத்த சொல் மட்டும் ஸீலேடெக்கிடம் போகாது. இன்னொரு பக்கவிளைவும் உண்டு, தமிழுக்கு மட்டும் இல்லை. பிடிஎஃப்பில் விளிம்பு வைத்த சொல்லைத் தேடவோ, நகலெடுக்கவோ முடியாது. அது எழுத்து என்பதே கோப்புக்குத் தெரியாதே.

இதிலிருந்து வெளியே வர நான் இரண்டு வழி பயன்படுத்துகிறேன். எளிய வழி, எழுத்துக்குப் பின்னால் பெட்டி வைப்பது. டெக்ஸ்ட் அழைப்பில் பிபாக்ஸ் என்பதற்கு வெள்ளை நிரப்பு, விளிம்பு இல்லை, 0.7 ஆல்ஃபா, ஒன்றிரண்டு பாயின்ட் பேட் என்று கொடுங்கள். பெட்டி தனி, எழுத்து தனி என்பதால் உரை உரையாகவே இருக்கும். ஒரு குறை, பெட்டியின் அளவை நூலகம் தன் தவறான அடுக்கலை வைத்துக் கணக்கிடுவதால் சில சொற்களுக்குக் கொஞ்சம் அகலமாகவோ, குறுகலாகவோ வரும். பேடைக் கூட்டிச் சமாளிக்கலாம். இரண்டாவது வழி எஸ்விஜிக்கு மட்டும். எழுத்துக்கு செட்-ஜிஐடி மூலம் ஒரு பெயர் வைத்துவிடுங்கள். சேமித்தபின் எஸ்விஜி கோப்புக்குள்ளேயே ஒரு ஸ்டைல் துண்டைச் சேர்த்து, அந்தப் பெயருக்குக் கீழுள்ள எழுத்துகளுக்கு வெள்ளை ஸ்ட்ரோக், 3 அகலம், பெயின்ட்-ஆர்டர் ‘ஸ்ட்ரோக்’ என்று எழுதுங்கள். பெயின்ட்-ஆர்டர் இல்லாவிட்டால் விளிம்பு எழுத்தின்மேல் ஏறி அதைத் தின்றுவிடும். இருந்தால் விளிம்பு அடியில் போய்விடும். நாம் பைத்தானில் செய்ய நினைத்ததை உலாவி கொம்பை உடைக்காமல் செய்துதரும். எஸ்விஜி திருத்தும் இன்க்ஸ்கேப்பில் கையால் செய்வதாக இருந்தாலும் ஸ்ட்ரோக் பலகத்தில் இந்த வரிசையை மாற்றலாம். படிப்பவரின் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

புள்ளிகள் தாமதமாவதற்குக் காரணம் வேறு. புள்ளிகளை வரையும் சாதாரண ஸ்கேட்டரில் ஒரே வடிவத்தை ஆயிரம் இடங்களில் வைக்க நூலகத்திடம் குறுக்குவழி இருக்கிறது. பாத் எஃபெக்ட் வைத்ததும் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக வரையத் தொடங்கிவிடும். புள்ளிக்கு விளிம்பு வேண்டும் என்றால் ஸ்கேட்டரிலேயே எட்ஜ்கலர்ஸ் வெள்ளை, லைன்விட்த்ஸ் 0.5 என்று கொடுங்கள், வேலை முடிந்தது. எஃபெக்டே தேவையில்லை.

ஆனாலும் ஒரு நுட்பம் இங்கே ஒளிந்திருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்கேட்டரில் ஸ்ட்ரோக், நார்மல் என்று இரண்டாகக் கொடுப்பதும் வித்-ஸ்ட்ரோக் என்று ஒன்றாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாகக் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளின் விளிம்பும் முதலில், பிறகு எல்லாப் புள்ளிகளும் என்று வரையும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய புள்ளிகள் ஒரே கட்டியாகத் தெரியும், அந்தக் கட்டியைச் சுற்றி மட்டும் வெள்ளை. ஒன்றாகக் கொடுத்தால் விளிம்பு, புள்ளி, விளிம்பு, புள்ளி என்று போகும், ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். தீவுக்கூட்டம்போல ஒரு வெளிக்கோடு வேண்டுமா, சீட்டுக்கட்டு விரித்ததுபோல வேண்டுமா என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டுக்குக் கீழே மேலிருந்து மங்கிவரும் நிற நிரப்பு வைப்பது எப்படி என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். அதற்கு நேரடி வசதி இல்லை. நிறம் மாறும் படத்தை, படம் ஒட்டும் இம்ஷோ என்ற செயற்கூறால் வைத்து, கோட்டுக்குக் கீழுள்ள பகுதியின் வடிவத்தால் அதை வெட்ட வேண்டும். ஆஸ்பெக்டை ‘ஆட்டோ’ என்று சொல்ல மறந்தால் இம்ஷோ அச்சுகளின் விகிதத்தையே மாற்றி, பன்னிரண்டு மாத மழையை ஒரு நூலளவுக்கு ஒடுக்கிவிடும்.

எதை வைப்பது, எதை விடுவது என்பது முழுக்க என் கருத்து, எத்தனை பேர் ஒப்புவார்கள் என்று தெரியாது. கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் மேல் கோட்டுக்குப் பின்னணி நிறத்தில் மெல்லிய விளிம்பு வைத்தால் மேம்பாலம்போல எது மேலே, எது கீழே என்று தெரிந்துவிடும். சமவுயரக் கோடுகளில் உட்காரும் எண்களுக்கும், நிறம் நிரப்பிய நிலப்படத்தில் ஊர்ப் பெயர்களுக்கும் அப்படித்தான். இந்த ஒரு எஃபெக்ட் படிக்க உதவுகிறது. நிழலும் ஒளிர்வும் கறுப்புப் பின்னணியில் மேடையில் காட்டும் படத்துக்குச் சரி, ஆய்வேட்டில் நான் வைக்க மாட்டேன். விளிம்புக்கு ‘வெள்ளை’ என்று எழுதாமல் வரைபடப் பரப்பின் (ஆக்ஸஸ்) கெட்-ஃபேஸ்கலர் தரும் நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை டார்க்-பேக்ரவுண்ட் ஸ்டைலுக்கு மாறினால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் வெள்ளைப் பஞ்சில் சுற்றியதுபோல் வராமல் இருக்கும்.

டி3 போன்ற உலாவி நூலகங்களில் எஸ்விஜியின் சொந்த வடிப்பான்களே மங்கலாக்கும் என்பதால் அங்கே கணக்கு வேறு. நான் சொன்னது எதையும் அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். உங்கள் கோப்பில் முதலில் ஊர்ப் பெயர்களின் பாத் எஃபெக்ட்ஸை எடுத்துவிட்டு பிபாக்ஸ் வைத்துப் பாருங்கள், அது ஐந்து நிமிட வேலை. நிழலைத் தொடும்முன், அது இல்லாமல் ஒரு பிடிஎஃப் எடுத்து 100 விழுக்காடு அளவில் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். அப்படியும் வேண்டும் என்று பட்டால் ராஸ்டரைஸ்டு வழிக்கு வரலாம். நிரலின் அந்தப் பகுதியை இங்கே ஒட்டினால் பார்த்துச் சொல்கிறேன்.